பச்சை நிறத்தில் தெரியும் கோப்புகள்

கம்ப்யூட்டரை ஈரத்துணியால் துடைக்காதே என்று உன் அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அக்கா என் பேச்சை என்றைக்குக் கேட்டாள்? நீ கேட்கிறாய், என் சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவ் என்னவென்று. உட்கார், சொல்கிறேன்.

உன் அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் என்னைப் பெரிதாகப் பிடிக்காதுதான். ஆனால் அதை நான் விருந்தாளிகள் முன்னால் சொல்வதில்லை. “என்ன மச்சான், இன்னைக்கு எத்தனை ஸ்க்ரூவைத் தொலைச்சே?” என்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

தொண்டை ஆபரேஷனுக்கு முன்பு அத்தான் தன் குரலை அக்காவுக்காகப் பதிவுசெய்து, அந்த ஃபோல்டரைப் பூட்டிவைத்தார். பூட்டியதும் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப்பார்க்கும்: இதற்கான சான்றிதழை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். அத்தான் அதைக் கொசு அடிப்பதுபோல் அடித்து மூடுவார். அந்தச் சான்றிதழ்தான் சாவி. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும்வரை கோப்புகள் தானாகத் திறக்கும், விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அது போய்விடும். கம்ப்யூட்டர் என் கடைக்கு சர்வீசுக்கு வந்தபோது நான் அதை இந்தப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்தேன். தொழிலில் நான் ஒழுங்கானவன்.

அத்தான் போனபிறகு, கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்றாள் அக்கா. விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். சான்றிதழைத் திரும்பப் போடவில்லை. அவ்வளவுதான்.

“பேரெல்லாம் பச்சையாத் தெரியுதுடா. தொட்டா அனுமதி இல்லைங்குது” என்று அழுதாள்.

“பாக்கலாம்க்கா. கொஞ்ச நாளாகும்.”

கல்யாணமானதிலிருந்து என் வாசலை மிதிக்காதவள், ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தாள். முதலில் கோப்புகளைப் பற்றிக் கேட்பாள், அப்புறம் “சாப்பிட்டியாடா?” என்பாள். இப்போதெல்லாம் சாப்பாடுதான் முதலில்.

ஒருநாள் அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து நகலெடுத்து வந்த அந்தப் பதிவுகளை, என் கடையில் அந்தச் சான்றிதழைப் போட்டுத் திறந்து கேட்டேன். என்னைத் திட்டியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். உள்ளூர ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். கடைசிப் பதிவில் அத்தான் சொல்கிறார்: “உன் தம்பியைக் கிண்டல் பண்ணிப் பண்ணியே தள்ளி வெச்சுட்டேன். எனக்கப்புறம் அடிக்கடி போய்ப் பாத்துட்டு வா. தனியா இருக்கான்.”

செத்தும் எனக்குப் பிச்சை போடுகிறார்.

பென்டிரைவை எடுத்துக்கொள். அதில் ஒன்றும் இல்லை. சான்றிதழையும் என்னிடமிருந்த நகல்களையும் அன்றைக்கே அழித்துவிட்டேன். உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பச்சைப் பெயர்கள் மட்டும் இருக்கும். இனி யாராலும் திறக்க முடியாது.

யோசித்துப் பார். அதைக் கேட்டிருந்தால், அவர் சொன்னதற்காகத்தான் அக்கா என் வீட்டுக்கு வந்திருப்பாள். இப்போது தானாக வருகிறாள்.