பார்த்த நிலைக்குத் திரும்பாதே

"மணி அடிச்சா வர மாட்டியாடி?"

"இப்பத்தானே வந்துட்டுப் போறேன்..."

"அது தலகாணிக்கு. இது..."

"இது ஜன்னலுக்கு. அப்புறம் மறுபடி தலகாணி. குண்டுச்சட்டியில குதிரை ஓட்ட நான்தான் கெடச்சேனா?"

"சீட்டுக்காரிக்குக் கோபத்தப் பாரு. ராஜா ராணின்னா ஓடுவா. அக்கான்னா கால் வலிக்கும்."

இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். இதைச் சண்டை என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. இதயம் பலவீனமாகி அக்கா படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அடுத்த அறையில் என் கணினி.

முப்பது வருஷம் அலுவலகத்தில் நிரல் எழுதியவள் நான். ஓய்வு பெற்றபின், ஒற்றை ஆள் ஆடும் சீட்டாட்டத்தைத் தானே ஆடி முடிக்கும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். அது என் பிராணனை வாங்கியது. கறுப்பு ஏழாம் சீட்டை ஒரு சிவப்பு எட்டிலிருந்து இன்னொரு சிவப்பு எட்டுக்கு மாற்றும், திரும்பக் கொண்டுவரும், மறுபடி மாற்றும். அரை நாள் ஓடினாலும் செக்குமாடு நின்ற இடத்திலேயே நிற்கும். கடைசியில் ஒரு விதி எழுதினேன். ஒவ்வொரு நிலையையும் குறித்து வை. ஏற்கெனவே பார்த்த நிலை என்றால் அந்தப் பக்கமே போகாதே. அரை நாள் வேலை நான்கு நிமிஷத்தில் முடிந்தது.

அந்த ஒழுங்கு வீட்டுக்கும் தேவைப்பட்டது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். அக்கா முப்பத்தொரு தடவை கூப்பிட்டாள். தலையணை இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. ஆகவே மணியை எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஒரு தடவை கூப்பிட்டால் போவேன். அதையே திரும்பக் கேட்டால் போக மாட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு என் வாசல்வரை வந்து நிற்க ஆரம்பித்தாள். விழுந்துவிட்டால் யார் பார்ப்பது? அதனால்தான் அவள் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். அவள் நல்லதுக்குத்தான். அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நிரல் ஒரு தவறு செய்தது. நானே கையால் ஆடி ஜெயித்த ஆட்டத்துக்கு வழியே இல்லை என்றது. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிடிபட்டது. நிலைகளை ஒப்பிடும்போது முகம் தெரியும் சீட்டுகளை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தேன். அடியில் கவிழ்ந்து கிடப்பவை கணக்கில் இல்லை. மேலே ஒரே மாதிரி தெரிந்ததால், இருந்த ஒரே வழியையும் அது வெட்டிவிட்டது. பத்து இருபதுக்குத் திருத்தினேன். கணினியில் அந்த நேரம் இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள்.

பதினோரு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். "கொஞ்சம் வந்துட்டுப் போ." எப்போதும் சொல்வதுதான். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை. நான்காவது தடவை கூப்பிட்டபோது மணி பதினொன்றே முக்கால். கவிழ்ந்த சீட்டுகளையும் ஒப்பிடுவதால் நிரல் இப்போது மெதுவாகத்தான் ஓடியது; திரையில் அந்த ஆட்டம் முடியப்போகிறது, ஒன்பது சீட்டுதான் பாக்கி.

காதில் விழுந்ததா என்று கேட்டீர்கள். விழுந்தது, நடுவில் இருப்பது மெல்லிய சுவர். அடியில் வேறு ஏதாவது இருக்கலாம் என்று தெரியாதா என்றீர்கள். பத்து இருபதுக்குத் தெரிந்தது பதினோரு மணிக்குத் தெரியாமல் போகாது. தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். கடைசி ராஜா மேலே போனபிறகு எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தேன். அப்போது மணி பன்னிரண்டு. அக்கா கதவுக்குப் பக்கத்தில் தரையில் மூச்சில்லாமல் கிடந்தாள்.

நான்காவது தடவை என்ன சொன்னாள் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். எப்போதும் போலத்தான் என்று இரண்டு முறை சொன்னேன். அப்படி இல்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இது தலகாணிக்கு இல்லடி. தாழ்ப்பாளத் தொற."