பூச்சட்டி அறை வெல்லம்

மண்டை வெல்லம் வாங்குகிறவர்கள் வெள்ளை வெளேரென்று இருப்பதை வாங்கக் கூடாது ஐயா. அது பார்வைக்குத்தான். கறுத்துக் கிடக்கிற வெல்லம்தான் கையில் பிடித்தால் இளகும், உருட்டினால் உருட்டினபடி நிற்கும். நான் எப்போதும் அதைத்தான் பார்த்து வாங்குவேன்.

முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பேர் சங்கிலிமுத்து. விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில், புஸ்வாணம் என்பார்களே, அந்தப் பூச்சட்டிக்கு வெடிமருந்து செலுத்துகிற அறை ஒன்றுக்கு நான் பொறுப்பு. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் உட்காருகிற அறை, அதில் நாலாவது ஆள் நான். மற்ற மூன்று பேரை உங்களுக்கு இப்போது தெரியும். தங்கத்தாய் ஐம்பதைத் தாண்டினவள். பாண்டிச்செல்விக்கு இப்போதுதான் பேசப் பழகுகிற ஒரு பெண் குழந்தை. விக்னேஷ்வரன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற இளவட்டம்.

பூச்சட்டி மருந்தில் அலுமினியப் பொடி சேரும். வேலை முடிந்து வெளியே வந்தால் நாலு பேரும் வெள்ளி பூசின மாதிரி இருப்போம். மேலே ஒட்டினது குளித்தால் போகும். உள்ளே போனதை வெல்லம் இறக்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் காலை டீயோடு ஆளுக்கு ஓர் உருண்டை உண்டு. அவர்கள் கை முழுக்க மருந்தாக இருக்கும். அறைக்குப் பொறுப்பான ஆள் கையைக் கழுவிவிட்டு, உருட்டி, அவரவர் வாயில் போடுவான். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எங்களுக்குப் போட்டார். வாயைத் திறப்பார்கள், போடுவேன். யாரும் என்ன ஏது என்று கேட்டதில்லை.

மருந்து செலுத்துகிறவர்களுக்கு இருமல் ஆகாது. குழலுக்குள் மருந்தை இறுக்கும்போது கை ஆடக் கூடாது. ஆனைக்குட்டம் போகிற வழியில் முன்பு ஓர் அறை வெடித்துப் போனது. ஆட்களைப் பொறுக்கி எடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். பொறுக்கினேன் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அங்கே யாரோ இருமியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்துச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

போன வருஷம் தங்கத்தாய்க்கு இழுப்பு வந்தது, மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். இருமத் தொடங்கினால் கண்ணில் தண்ணீர் வந்துதான் நிற்கும். ஒருநாள் டீ குடிக்கும்போது அவளே சொன்னாள்.

"இந்தச் சீசனோட நின்னுக்கிறேன் அண்ணே. மல்லாங்கிணத்துல மக வீட்டுல ஆடு ரெண்டப் பத்திக்கிட்டுக் கெடக்கேன். இந்தப் பொடி எனக்கு ஒத்துக்கிடல."

எனக்கு அது சரியாகப் படவில்லை. அவள் கையைப் போல ஒரு கை எங்கள் கம்பெனியில் இல்லை. அவள் போனால் புதுக் கை ஒன்றைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். புதுக் கை அறைக்கு ஆபத்து. மற்ற இரண்டு பேர் உயிரையும் நான் பார்க்க வேண்டும் அல்லவா.

மெடிக்கலில் போய் இழுப்புக்கு மாத்திரை கேட்டேன். கடைக்காரர் சின்ன வெள்ளை மாத்திரையாகக் கொடுத்தார். நன்றாகக் கேட்கும் என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள், ரொம்ப நாள் தொடர்ந்து சாப்பிட்டால் திடீரென்று நிறுத்தவும் கூடாது என்றும் சொன்னார். அன்றைக்கு என் அறையில் அந்த மூன்று பேருக்கும் சர்க்கரை கிடையாது. ஆகவே அவர் சொன்னதை நான் மீறவில்லை.

தங்கத்தாய்க்கு மாத்திரை என்றாலே குமட்டும். அதனால்தான் வெல்லத்துக்குள் வைத்தேன். பிள்ளைகளுக்கு நாம் செய்வதுதானே. இரண்டொரு நாளில் இருமல் அடங்கிவிட்டது. நெஞ்சுக்குள் கேட்ட விசில் சத்தமும் இல்லை. ஆடு மேய்க்கிற பேச்சையும் அவள் பிறகு எடுக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் அவ்வப்போது செருமிக்கொண்டிருந்தார்கள். பிறகு வருவதை முன்கூட்டியே தடுப்பது நல்லது என்று அவர்களுக்கும் வைத்தேன்.

அதன்பிறகு என் அறை எப்படி இருந்தது என்று கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருவரும் லீவு போடவில்லை. முதலாளி ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இந்த அறையைப் பார்த்து மற்றவர்கள் பழகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். தங்கத்தாய்க்கு முகம் வட்டமாக உப்பிக்கொண்டு வந்தது.

"என்ன பெரியம்மா, மூஞ்சி நெலா கணக்கா ஆயிப்போச்சு. வீட்டுல தெனமும் கறியா?" என்று விக்னேஷ்வரன் கேலி செய்தான்.

"ஏலே, நீ மட்டும் என்னவாம். கோயில் கொடைக்கு நேந்துவிட்ட கெடா மாதிரில திங்கிற. உன்னக் கட்டுறவ உலை வச்சே ஓஞ்சு போவா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்புச் சத்தம் கேட்கிற அறையில் குறை என்ன இருக்க முடியும்.

ஒரே மாத்திரைதான். ஆனால் மூன்று உடம்பும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை, அதை நான் கவனித்தேன். விக்னேஷ்வரனுக்கு முகத்தில் பரு கிளம்பியது, பசி கூடியது, அவ்வளவுதான். மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவான். பாண்டிச்செல்விக்குத் தாகம். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்க மாட்டாள். மாதத் தீட்டு முன்னே பின்னே போகிறது என்று தங்கத்தாயிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. தங்கத்தாய்தான் அடிக்கடி எழுந்து வெளியே போனாள். ஒதுங்குகிற இடம் கருவேலங்காட்டை ஒட்டி இருக்கிறது. அவள் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பாண்டிச்செல்வி ஒருநாள் சொன்னாள். ஆணை ஒன்றும் செய்யாத மாத்திரை பெண்களை மட்டும் என்ன செய்துவிடும். அவர்கள் வீட்டில் எதையோ தின்கிறார்கள் என்று நான் முடிவு செய்தேன்.

நேற்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் வேறு விதமாகச் சொன்னார். ஆணோ பெண்ணோ, யாருக்கும் இந்த ஸ்டீராய்டு மாத்திரை முகத்தை உப்ப வைக்கும், சர்க்கரையை ஏற்றும். இளவயசு உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். வயசு ஏறின உடம்பு தாங்காது. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது சர்க்கரை வந்து போன பெண்ணும், வீட்டில் யாருக்காவது சர்க்கரை உள்ளவர்களும் சீக்கிரம் மாட்டிக்கொள்வார்கள் என்றார். பாண்டிச்செல்விக்கு வயிற்றில் பிள்ளை இருந்தபோது சர்க்கரை வந்து போயிருந்ததாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் தங்கத்தாய்க்குச் சர்க்கரை இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு அவள்மேல் கோபம். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் ஓரளவு சரியாக இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல் பார்த்தால் ஏறிக் கிடக்கிறது, கம்பெனியில் போய் என்னத்தைத் தின்கிறாய் என்று வைதிருக்கிறாள். தங்கத்தாய் மறுநாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இனிமே எனக்கு வெல்லம் வேண்டாம். வீட்டுல கேப்பக்கூழத் தவிர ஒண்ணும் தொடல. சத்தியம் பண்ணிச் சொன்னாலும் அந்தம்மா நம்ப மாட்டேங்குது. பொய் சொல்றேங்குறாக."

பொய் சொல்கிறாள் என்று யாரும் அதுவரை அவளைச் சொன்னதில்லை. நான் ஆறுதல் சொன்னேன். வெல்லத்தை நிறுத்தினேன்.

கொஞ்ச நாளில் சோர்ந்து சோர்ந்து விழுந்தாள். இருமலும் திரும்பி வந்தது. மருந்து இறுக்குகிற கை ஆடியது. நானே கண்ணால் பார்த்தேன். அதனால் வீட்டில் இருந்து மோர் கொண்டுபோக ஆரம்பித்தேன். உப்பும் பச்சை மிளகாயும் கூடப் போட்டால் மாத்திரையின் கசப்பு தெரியாது. சர்க்கரைக்காரிக்கு மோர் நல்லதுதான். டாக்டரம்மாவும் அதைத்தான் குடிக்கச் சொல்லியிருந்தாள்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். கடைக்காரர் சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொடுக்காதே என்றது ஒரு சொல். திடீரென்று நிறுத்தாதே என்றது இன்னொரு சொல். இரண்டில் ஒன்றைத்தானே கேட்க முடியும். நான் இரண்டாவதைக் கேட்டேன்.

எங்கள் அறைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. அவசரமாக ஒதுங்கப் போகிறவள் வாசலில் கிடக்கிற செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டா போவாள். கருவேல முள் தங்கத்தாயின் குதிகாலில் ஏறிவிட்டது. ஊக்கு வைத்து நான்தான் அதை எடுத்துவிட்டேன். வலிக்கவில்லை அண்ணே என்றாள். வலிக்காதது நல்லது என்று நினைத்தேன். காய்ச்சலும் வரவில்லை. புண் மட்டும் ஆறாமல் ஈரமாகவே இருந்தது. பிறகு பாதம் நிறம் மாறியது. ஒருநாள் டீ வந்தபோது கூப்பிட்டோம், வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்தபடி கண் சொருகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். சர்க்கரை பார்க்கிற மெஷினில் எண்ணே விழவில்லை. அவ்வளவு ஏறியிருந்தது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். டாக்டரம்மா அவள் முகத்தையும், கையில் தொட்ட இடமெல்லாம் கன்றிக் கிடந்ததையும் பார்த்துவிட்டு, இழுப்புக்கோ மூட்டுவலிக்கோ வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாயா, நல்லா யோசித்துச் சொல் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தங்கத்தாய் இல்லை என்றாள். கட்டில் ஓரத்தில் நான் நின்றிருந்தேன். கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை.

மறுநாளும் மோர் கொண்டுபோனேன். அதற்கு அடுத்த நாளும். அவள் மகள் என்னைக் கும்பிட்டாள். கூடப்பிறந்தவர்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை, நீங்கள்தான் மாமா தினமும் வருகிறீர்கள் என்றாள். தங்கத்தாய் என் கையில் இருந்த செம்பைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"அண்ணன் குடுக்கிற மோருதான் தொண்டைக்குள்ள எறங்குது."

அதுதான் அவள் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு. புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று சொன்னார்கள்.

அவள் காரியம் முடிந்தபிறகு இது எப்படி வெளியே வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பாண்டிச்செல்வி வெல்லத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நான் திரும்பினதும் எடுத்து முந்தானையில் முடிந்துவிட்டாள். பிள்ளைக்குக் கொடுப்பதற்காக. பிள்ளை, கசக்குதும்மா என்று துப்பியிருக்கிறது. துப்பினதில் வெள்ளையாக மாத்திரை கிடந்திருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். என் முன்னாலேயே தின்றுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். என் பேச்சை அவள் கேட்டிருந்தால் குழந்தை வாய்க்கு அது போயிருக்காது.

நான் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கொடுத்தேன். எதையும் மறைக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பொறுப்பில் இருந்த காலம் வரைக்கும் அந்த அறையில் ஒரு பொறி விழவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். நீயும் அதே அறையில் அதே பொடியைத்தானே சுவாசித்தாய், இப்போது பேசும்போதுகூட உன் நெஞ்சு இழுக்கிறதே, நீ அந்த மாத்திரையைச் சாப்பிட்டாயா என்று.

இல்லை ஐயா. எங்கள் அப்பாவும் அண்ணனும் சர்க்கரையில்தான் போனார்கள். எனக்கு அது ஆகாது. இருமல் வந்தால் எழுந்து வெளியே போய் இருமிவிட்டு, நெஞ்சு அடங்கினதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வேன்.