லேசாக இறங்கிய குண்டு

பழைய வேட்டியை எறிந்துவிடாதீர்கள், தங்கச்சி. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தியைப் போல உபகாரமான துணி வேறில்லை. மொழிபெயர்க்க வந்த உங்களுக்கு இது வீண்கதையாகப் படலாம். ஆனாலும் பொலிஸ்காரருக்கு ஒரு வரியும் விடாமல் சொல்லுங்கள்.

என் பெயர் கிறிஸ்துராஜா. ஈஸ்ட் ஹாமில் தையற்கடை வைத்திருக்கிறேன். லண்டனுக்கு வெளியே ஒரு துப்பாக்கிக் கழகத்தில் நானும் கனகலிங்கம் அண்ணையும் பன்னிரண்டு வருட உறுப்பினர்கள். நாங்கள் சுடுவது பழைய மாதிரித் துப்பாக்கி. குழாயின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் துணித்துண்டில் பொதிந்து, கோலால் அடிவரை தள்ள வேண்டும். போட்டியில் அரை மணி நேரத்துக்குள் பதின்மூன்று சூடு.

பாரிசவாதம் வந்து அண்ணையின் வலது கை சோர்ந்துபோனது. "தம்பி, இந்த ஒருக்கா மட்டும் தள்ளிவிடும்," என்றார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது சும்மா இல்லை. இரண்டு வருடம் அவருடைய பதின்மூன்றையும் நானே தள்ளினேன். என்னுடையதில் பாதி சுடுமுன் நேரம் முடிந்துவிடும். கோபமில்லை, சலிப்புத்தான். ஞாயிற்றுக்கிழமைச் சூட்டை விட்டால் அவருக்கு வேறொன்றும் இல்லை. எனக்கும் இல்லை.

போன மாரியில், "என்ர கைக்கு ஏலுமான மாதிரி, லேசா இறங்கிற ஒண்டைக் கண்டுபிடிச்சுத் தாருமன்," என்று கேட்டார்.

மூன்று மாதம் தேடினேன். தலையணைத் துணி, சட்டைத் துணி, வேட்டித் துணி. பெரிய குண்டு, சின்னக் குண்டு. இரண்டு சோடிகள் அமைந்தன. சின்னக் குண்டும் தலையணைத் துணியும் லேசாக இறங்கின, இறங்கிய இடத்திலேயே நின்றன. சின்னக் குண்டும் வேட்டித் துணியும் இன்னும் லேசு. ஆனால் குழாயைத் தாழ்த்தினால் குண்டு மருந்தை விட்டு முன்னால் வழுக்கிவிடும். அப்படி இடைவெளி விழுந்தால் சுடும்போது குழாயே வெடிக்கும். கழகத்தில் முதல்நாளே சொல்லித்தரும் பாடம் அது. அண்ணையின் சோர்ந்த கைக்குத் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடிக்க ஏலாது.

தலையணைத் துணியை நான் வைத்துக்கொண்டேன்.

"இஞ்ச பாரும், நானே தள்ளிப்போட்டன்," என்று, வேட்டித் துணியில் பொதிந்த குண்டை இறக்கிவிட்டு அண்ணை சிரித்தார். அவர் மனைவி ஜெகதீஸ்வரி அக்கா எனக்குப் புட்டு கட்டிக் கொடுத்து, "உம்மாலதான் தம்பி அவர் திரும்பச் சிரிக்கிறார்," என்றா. புட்டு நன்றாயிருந்தது. நான்காவது சூட்டில் அண்ணையின் குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அவர் இறந்துவிட்டார்.

அடுத்த போட்டியில் பதின்மூன்றையும் நேரத்துக்குள் சுட்டேன். பத்தாவது இடம்தான் கிடைத்தது.

என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. நானாகத்தான் வந்தேன். மரண விசாரணை அறிக்கையில், குண்டும் துணியும் கவனக்குறைவாகத் தெரிவு செய்யப்பட்டவை என்று எழுதியிருக்கிறார்கள். முப்பது வருடமாகத் துணி அளக்கிறவன் நான். என் வேலையில் எவரும் ஒரு குறை சொன்னதில்லை. அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடச் சொல்லுங்கள், தங்கச்சி.