வடிவாம்பாள் பெயர் வெட்டிய சுவர்

1968 ஆவணியில் ஒரு காலை, செவிலிமேட்டில் ஒரு பிரசவ விடுதியின் புது அறையில் இருந்தவர்கள் மூவர்: இறந்துபோன மகளின் நினைவாக அந்த அறையைக் கட்டிக்கொடுத்த பட்டு நெசவுக் குடும்பத்துப் பெரியவர் குமாரசாமி முதலியார், பெரிய நர்ஸ் மணியம்மாள், மாகறல் கொத்தனார் பழனி. வேறு யாரும் இல்லை.

முதலியார்: கரண்டியைக் கீழ வை, பழனி.

பழனி: நர்சம்மாதான் பூசச் சொன்னாங்க, முதலியாரே...

முதலியார்: இந்தச் சுவரை யாரு கட்டினது?

பழனி: நான்தான்.

முதலியார்: யாரு கட்டச் சொன்னது?

பழனி: நீங்க.

முதலியார்: அப்ப வை. பேரை அழிக்கறாங்கன்னு தங்கச்சி மவன் வந்து சொன்னான். பாதித் தறியில எழுந்து வந்திருக்கேன்.

மணியம்மாள்: ஐயா, அந்த எழுத்தை மூடித்தான் ஆகணும்.

முதலியார்: எழுத்து இல்லம்மா, என் மகள் பேரு. 'வடிவாம்பாள் நினைவாக'. அழியக் கூடாதுன்னு ஒரு விரக்கடை ஆழம் வெட்டச் சொன்னேன்.

மணியம்மாள்: பள்ளம்தான் தொல்லை.

முதலியார்: பட்டுத் திரை குடுத்தேன். திருப்பி அனுப்பினீங்க.

மணியம்மாள்: கொதிக்க வைக்கலாமான்னு கேட்டனுப்பினேன். பதிலே வரலை.

முதலியார்: நூலா இருக்கறப்ப கொதிக்க வைப்போம். ஜரிகை போட்டு நெய்த பிறகு எவன் வைப்பான்?

மணியம்மாள்: இங்க எல்லாத்தையும் கொதிக்க வைப்போம்.

பழனி: என்னை மட்டும் வுட்டுட்டாங்க.

முதலியார்: ஜன்னல் கட்டை ஏன் சரிவா இருக்குது? விபூதி மடலை வச்சேன், வழுக்கி விழுந்துடுச்சு.

மணியம்மாள்: யாரும் எதையும் வைக்கக் கூடாதுன்னுதான் சரிவு.

முதலியார்: ஈசானிய மூலை எங்க?

பழனி: கூர் இல்லாம உருட்டிப் பூசிட்டேன்.

முதலியார்: ஈசானியத்தையா...

பழனி: நாலையும்தான். துணி போய்த் துடைக்காத இடமே இருக்கக் கூடாதாம்.

மணியம்மாள்: தினம் ரெண்டு வேளை பினாயில் ஊத்திக் கழுவற ரூம், ஐயா. இருபது வருஷமாவது தாங்கணும். கழுத்தளவு ஆயில் பெயிண்ட் அடிச்சதும் அதுக்குத்தான்.

முதலியார்: எல்லாத்துக்கும் சரின்னேன். பட்டு போச்சு, மூலை போச்சு. பேரு இருக்கட்டும். கோயில் சுவர்ல வெட்டினது எத்தனை நூறு வருஷமா நிக்குது.

மணியம்மாள்: கோயில் சுவர்ல ரத்தம் தெறிக்கறதில்லை.

பழனி: வாசல்ல வேணா பெரிசா வெட்டித் தரேன்...

முதலியார்: வாசல்ல வேண்டாம். உள்ள இருக்கணும். பிள்ளை பெறுற இடத்துல.

பழனி: வலியில கத்திக்கினு இருக்கறவ படிக்கவா போறா?

முதலியார்: அது எங்க குடும்ப விஷயம்.

மணியம்மாள்: கொஞ்சம் கிட்ட வாங்க. இந்த ஊசியால 'டி'யைக் கீறறேன், பாருங்க.

முதலியார்: கறுப்பா வருது... பெயிண்டா?

மணியம்மாள்: ரத்தம். செவ்வாக்கிழமை ஒரு பிரசவம். மூணு தடவை தேய்ச்சுக் கழுவினேன். எழுத்துக்குள்ள நின்னுடுச்சு.

முதலியார்: நின்னா...

மணியம்மாள்: ஒரு கை பட்டா போதும், ஒரு துணி பட்டா போதும். அடுத்து வர்றவளுக்கு ஜுரம் வரலாம்.

முதலியார்: எத்தனாம் நாள்?

மணியம்மாள்: மூணு, இல்லன்னா நாலு.

முதலியார்: மூணாம் நாள். முதல்ல குளிர் நடுக்கம்... அப்புறம் ஆள் அடையாளம் தெரியாது. என்னென்னவோ பேசும்.

மணியம்மாள்: ஆமாம், ஐயா... உங்களுக்கு எப்படி...

முதலியார்: பழனி, சிமெண்டு கலந்தாச்சா?

பழனி: கலந்தது காய்ஞ்சுக்கினு இருக்குது.

முதலியார்: பூசு. ஒரு எழுத்து விடாம.

மணியம்மாள்: பேரைப் பெயிண்டுல எழுதிக்கலாமே, ஐயா. அதைக் கழுவ முடியும்.

முதலியார்: ரூம் சுத்தமா இருக்கட்டும். அது போதும்.

பழனி: பாவம், சின்ன வயசு. மஞ்சக்காமாலைதான வந்துச்சு அந்தப் பொண்ணுக்கு? ஊரு பூரா அப்படித்தான் சொல்லிக்கினாங்க...

முதலியார்: காமாலை இல்லை. பிரசவ ஜன்னி. எங்க வீட்டுப் பொண்ணு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்க மாட்டாள்னு சொன்னவன் நான்.