நான்காவது சுற்றுக் கோப்பை

இஞ்சித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் நீந்துகிறவனுக்கு ஆகாது, சார். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், நாட்டுச்சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. ரொமெலுக்குப் பிடித்த அந்தப் பக்குவம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அணியிலிருந்து என்னை எடுத்த பிறகும் மிதவை மேடையில் நின்று கழி பிடிக்கக் கூட்டிப்போனார்கள்.

பத்துக் கிலோமீட்டர் கடல் நீச்சல், ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மேடையை ஒட்டி வருவார்கள். நீளக் கழியின் நுனியில் கோப்பையை வைத்து நீட்டுவோம். மல்லாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நானும் ரொமெலும் பதினொரு வருடம் சேர்ந்து நீந்தியவர்கள். செபு நகரில் ஒரே அறை, ஒரே சோற்றுப்பானை. இந்த சர்வதேசப் போட்டிக்கு இருவருமே தேர்வானோம். என் வலது தோளில் வலி இருப்பதை அவனிடம் மட்டும் சொன்னேன். மூன்றாம் வாரம் அணி மருத்துவர் கூப்பிட்டு, நேராக அதே தோளை அழுத்திப் பார்த்தார்.

அன்று மாலை அவன் எதையும் மறைக்கவில்லை.

“நான்தான்டா சொன்னேன், ஜுன்ரி. நடுக்கடல்ல உன் கை நின்னுபோச்சுன்னா உங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா விட்டிருப்பியா? ஒரு நாலு மாசம் திட்டு. அப்புறம் உனக்கே சரியாயிடும்.”

நான் திட்டவில்லை. தட்டில் சோறு போட்டுக் கொடுத்தேன். காட்டிக்கொடுத்தது கூடப் பரவாயில்லை. அதை என் மேல் உள்ள அக்கறை என்று சொன்னானே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

முதல் மூன்று சுற்றும் நல்ல தண்ணீர்தான் கொடுத்தேன். அவன் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். நான்காவது கோப்பையில் தூக்க மாத்திரைகளைப் பொடித்துக் கலந்திருந்தேன். “கசக்குதேடா” என்றான். ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்தான். கொடுத்தவன் நான் அல்லவா.

ஐந்தாவது சுற்றில் கடைசி ஆளாக வந்தான். மேடைக்கு இருபதடி முன்னால் நின்றுவிட்டான். காவல் படகிலிருந்தவர் தூரத்திலிருந்து கேட்டார்.

“அண்ணே, உங்க ஆளு நின்னுட்டாரே. கையும் தூக்கல. பிடிச்சு ஏத்திடவா?”

“தொட்டுடாதீங்க. தொட்டா போட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்க. மூச்சு வாங்குறான், வந்துடுவான்.”

விதியில் இருப்பதைத்தான் சொன்னேன். அவர் மறுபக்கம் துடுப்புப் போட்டுப் போனார். அவர் இருந்த இடத்திலிருந்து அலை மறைத்தது. எனக்கு மறைக்கவில்லை. ரொமெல் குப்புறக் கிடந்தான். நான் நாற்பது வரை எண்ணினேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, சார். பின்தங்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவது கோப்பை இன்னும் உங்கள் வசம்தான் இருக்கிறது. சோதித்துப் பாருங்கள். அதில் நான் எதுவுமே கலக்கவில்லை.