ஏழை வீட்டுப் பொண்ணு

மரக்காணத்தில் உப்பள வேலை முடித்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்பியதும் ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“எங்க வீட்டுல ஏழைப் பொண்ணு யாரும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“யாரைக்கா?”

“பெரியவளைப் பொண்ணு பார்க்க வந்தவங்களைத்தான். நகை வேணாம், ஏழை வீட்டுப் பொண்ணா இருந்தா போதும்னாங்க பையனோட அம்மா. எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு. அடுத்த வார்த்தையே, ‘அப்பதான் வாயைத் தொறக்காம அடங்கி இருப்பா’ன்னாங்க.”

“அடப்பாவமே!”

“இல்லாதவங்கன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். எங்ககிட்ட எவ்வளவோ இல்லதான். ஏழைன்னா வாயும் இருக்காதுன்னு யாருங்க சொன்னதுன்னேன். எழுந்து போயிட்டாங்க.”

“நல்ல இடமாச்சேக்கா.”

“அதை நினைச்சு நானும் அழுதேன். நேத்து அந்தப் பையன் தனியா வீட்டுக்கு வந்தான். ‘அம்மா பேசினது தப்புங்க, எனக்குப் பேசுற பொண்ணுதான் வேணும்’னான். எங்கிட்ட சொல்லாத, அவகிட்ட சொல்லுப்பான்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“‘இதை உங்க அம்மா முன்னாடி சொல்லுவீங்களா?’ன்னு கேட்டா. உடனே வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான்.”

கூனிமேடு ஸ்டாப்பிங் வந்தது. ஜன்னலோரப் பெண் எழுந்தார்.

“அவ்வளவுதானாக்கா?”

“காலையில அவங்க அம்மாவே போன் பண்ணாங்க. ‘உங்க பொண்ணுகிட்ட பேசணும், சாயங்காலம் வரட்டுங்களா’ன்னு கேட்டாங்க.”

இறங்கும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.