பன்னண்டாம் நாள் சாகும் சின்னம்மாள்

— செத்துட்டா! நோடு ஹாஜிரா, நோடு! சின்னம்மா மறுபடியும் செத்துட்டா!

— 'பாரு'ங்கறதைக் கன்னடத்துல கத்துனா எந்திரிச்சு வந்துடுவாளா? எத்தனாவது நாளு முனிராஜ்?

— பன்னண்டு. ஏழு வாட்டி ஆடுனேன், ஏழு வாட்டியும் அதே பன்னண்டாம் நாள். ஜோலார்பேட்டையில கெளம்பி, தண்டவாளத்தோடவே மொரப்பூர் தாண்டி, வத்தல்மலை அடிவாரம் வரைக்கும் ஜம்முனு நடக்கறா. அங்க வந்து பொத்துனு வுழறா.

— கண்டக்டர் பச்சியப்பன்?

— அவனுக்கென்ன, கல்லுக்குண்டு. நம்ம ஆட்டத்துல உலகமே எரிஞ்சு சாம்பலாயி அம்பது வருசம் ஆச்சு, ஒரு பஸ்ஸும் கெடையாது. இன்னமும் விசில் ஊதிக்கிட்டு, 'டிக்கெட் எடுக்காதவங்கெல்லாம் எறங்கிக்கோ'ங்கறான். எதுல இருந்துடா எறங்கறது? சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுது எனக்கு. இவனை எங்க புடிச்சே?

— தெனமும் பென்னாகரம் பஸ்ஸுல வர்றேனே, அங்கதான். அந்த ஆடு என்ன பண்ணுது?

— ஆடு அதுக்கு மேல. போற வழிக்கு நாம வெச்சிருக்கற மேப்பையே தின்னுட்டு வருது. இந்த வெளிநாட்டு கம்ப்யூட்டர் ஆட்டக் கேசட்டுல வர்ற கூட்டாளியெல்லாம் என்ன பண்ணுவான்? துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு பின்னாலயே வருவான், வாயைத் தொறக்க மாட்டான். நம்ம ஆளுங்க சண்டை போடறாங்க, கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயி ஒக்கார்றாங்க! கெலிச்சுட்டோம் ஹாஜிரா, நான் சொல்றேன்...

— ஒண்ணும் கெலிக்கல. மணி என்ன?

— மூணே கால்.

— அஞ்சரைக்கு நீ மொரப்பூர் பஸ்ஸுல ஏறணும். இன்னிக்கு ரயிலை வுட்டா நாளைக்குக் காலையில மெட்ராஸ்ல கேசட்டைக் குடுக்க முடியாது. 'ஆட்டம் முடிவு வரை ஆடக்கூடியதாக இருக்க வேண்டும்.' போட்டி நோட்டீஸ்ல மொத விதியே அதான். ஊத்துத் தண்ணி கண்டுபுடிச்சாத்தான் ஆட்டம் முடியும். கண்டுபுடிக்கத் தெரிஞ்சவ சின்னம்மா ஒருத்திதான். அவ பன்னண்டாம் நாளே செத்தா?

— முடிவில்ல.

— முடிவில்லைன்னா பரிசா தர்ற வேலையில்ல. வேலையில்லைன்னா நான் வூட்டோட கெடக்க வேண்டியதுதான். அத்தா குடுத்த தவணை இந்த மாசத்தோட சரி. 'நம்ம குடும்பத்துல ஒருத்தரும் பத்தாவது தாண்டல, நீ பி.எஸ்ஸி. முடிச்சிட்ட, போதும்மா'ங்கறாரு. அந்த 'போதும்மா'வைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை பத்திக்கிட்டு எரியுது. நீ பேசாம மறுபடியும் ஆடு. நான் புரோகிராமைப் பேப்பர்ல வரி வரியாப் பாக்கறேன். எங்கியோ கோளாறு இருக்குது.

— யாரு கண்ணு செத்தது? கூட்டிப் பெருக்கலாம்னு வந்தா எம்பேரைச் சொல்லி எழவு கூட்டிக்கிட்டிருக்கீங்க?

— அய்யோ, சின்னம்மாக்கா! நீங்க இல்லீங்க. டிவியில இருக்கற சின்னம்மா.

— டிவியிலயா? அதுல எம்பேரு வெச்சிக்கிட்டு யாரு தம்பி இருக்கறா?

— நீங்கதாங்க்கா. நான்தான் வெச்சேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க மண்ணை மோந்து பாத்தே அடியில தண்ணி இருக்குதான்னு சொல்லிடுவீங்களாமே. அதான் கம்ப்யூட்டர் ஆட்டத்துல உங்களை ஊத்து பாக்கறவளாப் போட்டேன்.

— மோந்தா? நான் என்ன நாயா? காலு கண்ணு, காலு. வெறுங்காலுல நின்னா உள்ளங்காலு சில்லுன்னு சொல்லும். போன வருசப் பஞ்சத்துல எங்கூருக்குக் கெணறு எடுத்தது என் காலு சொன்ன எடத்துலதான்.

— சரிங்க்கா, காலுன்னு மாத்திடறேன்.

— மாத்து. ஆமா, நான் எதுக்கு சாவறேன்? பாம்பு புடுங்குதா?

— இல்லீங்க.

— காச்சலா?

— அதாங்க்கா தெரியல. ரெண்டு பேரும் காலையில இருந்து மண்டையை ஒடைச்சிக்கிட்டு இருக்கோம்.

— நான் படிச்சவ இல்ல. தண்ணியில்லாத சீமையில நடந்து போறேங்கறீங்க. எனக்குத் தண்ணி ஊத்துனீங்களா?

— ஆளுக்கு தெனம் ஒரு லோட்டா. எல்லாருக்கும் சமம்.

— சமமுன்னு எல்லாருந்தான் சொல்றாங்க தம்பி. யாருக்கு மொதல்ல ஊத்துன?

— அது வந்து... ஹாஜிரா, தண்ணிப் பங்கு எந்த வரியில இருக்குது?

— ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. சத்தமாப் படி.

— மொதல்ல நடக்கறவன், அதாவது ஆட்டம் ஆடற ஆளு. அப்புறம் கண்டக்டர். அப்புறம் ஆடு. அப்புறம்... சின்னம்மா. தண்ணி தீந்துட்டா அத்தோட நிறுத்து.

— ஒம்பதாம் நாள்ல இருந்து தண்ணி மூணு லோட்டாதான் இருக்கும்.

— ஆளு நாலு! மூணு நாளா அவளுக்கு ஒரு சொட்டு போவல! நோடு, நோடு, புடிச்சாச்சு! கோளாறே இல்ல, வரி சரியாத்தான் வேலை செய்யுது!

— ஆட்டுக்கும் அப்புறமா நானு?

— ஏங்க்கா சிரிக்கறீங்க?

— சிரிக்காம? எங்க வூட்டுலயும் இதே வரிசைதான். இத்தினி பெரிய படிப்புப் படிச்சுப் போட்டு, அதையே பொட்டிக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கீங்களே.

— யாரு எழுதுனதுன்னு கேளு முனிராஜ்.

— வுடு ஹாஜிரா.

— கேக்க மாட்ட. நான்தான் எழுதுனேன். ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. எங்க சித்தப்பா மவ கல்யாணத்துல, ஆம்பிளைங்க பந்தி முடியட்டும்னு சொன்னதுக்கு சட்டியைப் போட்டு ஒடைச்சவ நானு! அந்தக் கைதான் இதை எழுதியிருக்குது. யோசிக்கக்கூட இல்ல. த்தூ!

— துப்பாதே கண்ணு, நான்தான் தொடைக்கணும்.

— நகரு முனிராஜ். வரிசையே வேணாம், அழிச்சிடறேன். தண்ணி கொறைஞ்சா ஆடறவங்களையே கேக்கட்டும். ஒண்ணு, நடக்கறவன். ரெண்டு, கண்டக்டர். மூணு, ஆடு. நாலு, சின்னம்மா. யாருக்குத் தரணுமோ அந்த நம்பரை அமுக்கிக்க.

— தட்டு, தட்டு, சீக்கிரம் தட்டு! கரண்டு போறதுக்குள்ள!

— முடிஞ்சுது. யாரு ஆடிப் பாக்கறது? நமக்கு வெடை தெரியும், நாம ஆடுனா அது பரிச்சையில்ல.

— அக்கா ஆடட்டும்! வாங்க்கா, ஒக்காருங்க.

— நானா? தொட்டா ஷாக்கு அடிக்காதா?

— அடிக்காதுங்க. இங்கிலீசு எழுத்துல தமிழ் போட்டிருக்கு, நான் படிச்சுச் சொல்றேன். நேரமில்ல, ஒம்பதாம் நாள்ல இருந்து ஆரம்பிக்கறேன். லோட்டா மூணு, ஆளு நாலு. மொதல்ல யாருக்கு?

— வாயில்லாத ஜீவன். ஆட்டுக்கு ஊத்து.

— மூணை அமுக்குங்க. இது, இது. அடுத்தது?

— அந்தக் கண்டக்டரு. கத்திக் கத்தி தொண்டை காஞ்சிருக்கும், பாவம்.

— ரெண்டு. கடைசி லோட்டா இருக்குது.

— நடக்கறவனுக்கு. நம்ம வூட்டுப் புள்ளையாட்டம் நம்பி வந்திருக்கறான்.

— உங்களுக்குங்க்கா?

— எனக்கென்ன கண்ணு, நான் தாங்குவேன்.

— பத்தாம் நாளு. யாருக்கு?

— அதே மாதிரி.

— பதினொண்ணு?

— அதேதான் தம்பி, எத்தினி வாட்டி கேப்ப?

— பன்னண்டு... அக்கா, செத்துட்டீங்க.

— மறுபடியுமா!

— உங்களை நீங்களே கொன்னுட்டீங்க! இப்பத்தானே என்னைப் பாத்துச் சிரிச்சீங்க?

— திட்டாதே ஹாஜிராம்மா. உங்கை எழுதுச்சு, எங்கை அமுக்குச்சு. கை அங்கதான் போவுது, என்ன பண்ண?

— பரவால்ல ஹாஜிரா, நாலை அமுக்குனா ஜெயிக்கலாம்தானே? ஆட்டம் முடியும். விதிப்படி சரி. அனுப்பிடலாம், மணி நாலே கால்.

— எவன் அமுக்குவான்? இவங்களே அமுக்கல. மெட்ராஸ்ல நாக்காலி போட்டு ஒக்காந்திருக்கறவனா அமுக்கப் போறான்? நாலு வாட்டி ஆடிட்டு, இந்த ஆட்டத்துக்கு முடிவே இல்லைன்னு தூக்கி எறிஞ்சிடுவான். இரு. கூட்டாளிங்க பேசட்டும்.

— பேசத்தான் செய்யறாங்களே?

— கோவிச்சுக்கத் தெரிஞ்சவனுக்கு 'எனக்கு வேணாம்'னு சொல்லத் தெரியாதா? கூட வர்ற ஒருத்தி ரெண்டு நாளா குடிக்கலைன்னா, மூணாம் நாளு கண்டக்டர் லோட்டாவை வாங்க மாட்டான். அவ்வளவுதான்.

— எடமில்ல ஹாஜிரா! மெமரியில அம்பது எழுத்துக்குக் கூட எடமில்ல.

— கண்டக்டர் பாட்டை எடு.

— பாட்டையா? 'ஏரி இல்லாத ஏரியூரு, பஸ்ஸு இல்லாத கண்டக்டரு' பாட்டையா? அதுக்கு ராகம் போட நாலு நாள் ஆச்சு எனக்கு!

— எடு முனிராஜ்.

— கல்நெஞ்சக்காரி. ...எடுத்துட்டேன். போடு.

— போட்டாச்சு. ஓட்டு.

— அக்கா, மறுபடியும் ஒம்பதாம் நாளு. அதேதானுங்களா? சரி. பத்து? அதேதான். பதினொண்ணு. ஆட்டுக்குக் குடுத்தாச்சு, அப்புறம்?

— கண்டக்டரு.

— ரெண்டு... நோடு! வாயைத் தொறக்கறான்! 'எனக்கு வேணாம். ரெண்டு நாளா டிக்கெட் வெச்சிக்கிட்டு நிக்கறவங்க முன்னாடி வாங்க. சின்னம்மா, இந்தாங்க உங்க லோட்டா.'

— நெசமா அப்பிடிப் போட்டிருக்குதா தம்பி?

— சத்தியமாங்க! பன்னண்டாம் நாளு... உசுரோட இருக்கீங்க! பதிமூணு... மலையேறிட்டீங்க! பதினாலு... வெறுங்காலோட நிக்கறீங்க, உள்ளங்காலு சில்லுங்குது... ஊத்து! ஊத்து வந்துடுச்சு! ஆடு குதிக்குது ஹாஜிரா! கண்டக்டர் விசில் அடிக்கறான், 'கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் எறங்கிக்கோ'ங்கறான்!

— முடிஞ்சுது! ஆட்டம் முடிஞ்சுது! கேசட்டைப் போடு, ரெக்கார்டு பண்ணு! அஞ்சாவப் போவுது!

— அழறியா ஹாஜிரா?

— வேலையைப் பாரு நீயி. சின்னம்மாக்கா, அந்த மனுசன் லோட்டாவை நீட்டுனது எப்பிடி இருந்துச்சு?

— அதைத்தான் நெனைச்சிக்கிட்டிருக்கேன் கண்ணு. அந்த மலையில ஊத்தைக் கண்டது யாரு?

— நீங்கதாங்க்கா. வேற யாரு?

— எங்காலு இல்லைன்னா அத்தினி பேரும் செத்திருப்பாங்க?

— ஆமாங்க.

— அப்புறம் அந்தாளு வேணாம்னு சொன்னாத்தான் எனக்குத் தண்ணியா? பொட்டியை அணைக்காதே தம்பி, மறுபடியும் போடு. நாலு எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டு.